வங்காள வடிநிலத்தில் நிலத்தடி நீர் ஆர்சனிக் மாசு

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் நிலமே வங்காள வடிநிலம் ஆகும். வங்காளதேசத்தின் பெரும்பகுதியும் இந்தியாவின் மேற்கு வங்காள மாநிலத்தின் ஒரு பகுதியும் இதில் அடங்கும். இந்நிலத்தின் அடியிலுள்ள நீரில் ஆர்சனிக் என்னும் நச்சுத் தனிமம் இயற்கையாகவே கரைந்து, குழாய்க்கிணறுகளின் வழியே குடிநீரில் கலந்து வருகிறது. தொழிற்சாலைக் கழிவோ பூச்சிக்கொல்லியோ இதற்கு முதன்மைக் காரணம் அன்று. 2000 ஆம் ஆண்டில் உலக சுகாதார அமைப்பின் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று, ஒரு மக்கள் தொகைக்கு ஏற்பட்ட நச்சுப் பாதிப்புகளில் வரலாற்றிலேயே மிகப் பெரியது என்று இதனைக் குறிப்பிட்டது. வங்காளதேசத்தின் அப்போதைய மக்கள் தொகையான 12.5 கோடியில், 3.5 கோடி முதல் 7.7 கோடி பேர் வரை இவ்வாறு மாசடைந்த நீரைக் குடிக்கும் நிலையில் இருக்கலாம் என்றும் அக்கட்டுரை மதிப்பிட்டது.

ஆர்சனிக் என்னும் தனிமம்

ஆர்சனிக் அணு எண் 33 கொண்ட தனிமம். உலோகத்தின் பண்புகளையும் அலோகத்தின் பண்புகளையும் ஒருங்கே காட்டுவதால் இது உலோகப்போலி என வகைப்படுத்தப்படுகிறது. இதன் சேர்மங்கள் தமிழர்களுக்குப் புதியவை அல்ல. சித்த மருத்துவ நூல்கள் பேசும் தாளகம், மனோசிலை ஆகிய இரண்டும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமங்களே. வெள்ளைப் பாடாணம் என்பது ஆர்சனிக்கும் ஆக்சிசனும் சேர்ந்த சேர்மம் ஆகும்.

ஆர்சனிக் கலந்த நீருக்குத் தனி நிறமோ சுவையோ மணமோ கிடையாது. கண்ணாடி போல் தெளிந்த நீரிலும் அது இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் ஆவியாகி அளவு குறைவதால், எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றே கூடவும் செய்யும். வேதிச் சோதனை ஒன்றாலேயே அதனைக் கண்டறிய முடியும்.

பாதுகாப்பான அளவு

குடிநீரில் ஆர்சனிக்கின் அளவு, ஒரு லிட்டரில் இத்தனை மைக்ரோகிராம் என்று குறிக்கப்படுகிறது. ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம் ஆகும். உலக சுகாதார அமைப்பு 1993 ஆம் ஆண்டு தனது வழிகாட்டு அளவை 50 மைக்ரோகிராமிலிருந்து 10 மைக்ரோகிராமாகக் குறைத்தது. ஓர் இலட்சம் லிட்டர் நீரில் ஒரு கிராம் ஆர்சனிக் கலந்திருந்தால் அதுவே இந்த அளவு. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 10 மைக்ரோகிராமையே குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவாகக் கொண்டுள்ளது. வங்காளதேசத்தின் தேசியத் தரம் 50 மைக்ரோகிராம் ஆகும். இந்த வேறுபாட்டால், ஒரே கிணறு ஓர் அளவுகோலின்படி பாதுகாப்பானதாகவும் மற்றோர் அளவுகோலின்படி பாதுகாப்பற்றதாகவும் அமைந்துவிடுகிறது.

குழாய்க்கிணறுகள் பெருகிய வரலாறு

ஒரு காலத்தில் வங்காளக் கிராம மக்கள் குளம், ஆறு, உறைகிணறு ஆகியவற்றின் நீரையே குடித்து வந்தனர். வாந்திபேதி, வயிற்றுக்கடுப்பு முதலிய நோய்கள் அந்நீரால் பரவின. பச்சிளங்குழந்தைகள் பெருமளவில் இறந்தனர். இதனைத் தடுக்க, 1970களில் வங்காளதேச அரசும் யுனிசெஃப் அமைப்பும் இணைந்து அடிகுழாய் பொருத்திய குழாய்க்கிணறுகளைப் பரப்பின. மண்ணின் வழியே வடிகட்டப்பட்டு வரும் நிலத்தடி நீரில் நோய்க்கிருமிகள் குறைவு என்பதே இதன் அடிப்படை.

வண்டல் நிலத்தில் கிணறு இறக்குவது எளிது. பாறை இல்லாததால் பெரிய எந்திரம் எதுவும் தேவையில்லை. மூங்கில் சாரம் கட்டி, நெம்புகோலால் குழாயை மேலும் கீழும் அசைப்பர். ஒருவர் சாரத்தின் மேல் அமர்ந்து, குழாயின் வாயை உள்ளங்கையால் மூடியும் திறந்தும் அடைப்பிதழ் போலச் செயல்படுவார். சேறும் மணலும் மேலே வர, குழாய் கீழே இறங்கும். இம்முறையில் ஒரு நாளிலேயே கிணறு ஆயத்தமாகிவிடும். செலவும் குறைவு என்பதால், அரசு அமைத்தவற்றைவிட மக்கள் தாமே அமைத்துக் கொண்ட கிணறுகளே மிகுந்தன. நூற்றாண்டின் இறுதிக்குள் குழாய்க்கிணறுகளின் எண்ணிக்கை ஒரு கோடியை நெருங்கியது. கிருமிகளுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த நீரில் ஆர்சனிக் உள்ளதா என்று அன்று எவரும் சோதிக்கவில்லை. அக்காலத்தில் அது வழக்கமான நீர்ச் சோதனைகளில் இடம்பெறவும் இல்லை.

கண்டறியப்பட்ட விதம்

1983 ஆம் ஆண்டு கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் நோய் மருத்துவர் கே. சி. சாகா, மேற்கு வங்காளக் கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் தோலில் கண்ட மாற்றங்களுக்கு ஆர்சனிக் நஞ்சே காரணம் என்று கண்டறிந்தார். 1987 ஆம் ஆண்டுக்குள் எல்லைக்கு அப்பால் வங்காளதேசத்திலிருந்து வந்த சில நோயாளிகளும் அடையாளம் காணப்பட்டனர். யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபாங்கர் சக்ரவர்த்தி 1988 முதல் ஊர் ஊராக நீர் மாதிரிகளைச் சேகரித்து ஆராய்ந்து, சிக்கலின் பரப்பை வெளிப்படுத்தினார். மால்டா, முர்சிதாபாத், நதியா, வடக்கு 24 பர்கனா, தெற்கு 24 பர்கனா ஆகியவை மேற்கு வங்காளத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்கள்.

வங்காளதேசத்தில் 1993 ஆம் ஆண்டு, எல்லையோர மாவட்டமான சாப்பாய் நவாப்கஞ்சில் முதன்முதலாகக் கிணற்று நீரில் ஆர்சனிக் இருப்பது உறுதி செய்யப்பட்டது. அதன் பின்னர் வங்காளதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் பிரித்தானிய நிலவியல் ஆய்வகமும் நாட்டின் 64 மாவட்டங்களில் 61 மாவட்டங்களிலிருந்து 3,534 கிணறுகளின் நீரை ஆராய்ந்தன. 150 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் 27 விழுக்காடு 50 மைக்ரோகிராம் அளவைத் தாண்டியிருந்தன. 46 விழுக்காடு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. 150 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமுள்ள கிணறுகளில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே 50 மைக்ரோகிராமைத் தாண்டியது. நாட்டின் தெற்கிலும் தென்கிழக்கிலும் பாதிப்பு மிகுதி. சாந்துபூர் மாவட்டத்தில் சோதிக்கப்பட்ட கிணறுகளில் பத்தில் ஒன்பது அளவுக்குப் பாதுகாப்பற்றவையாக இருந்தன.

இதே பிரித்தானிய நிறுவனம் 1992 ஆம் ஆண்டு வங்காளதேசத்தில் நிகழ்த்திய வேறோர் ஆய்வில் ஆர்சனிக்கைச் சோதிக்கவில்லை. அதனால் தாம் பாதிக்கப்பட்டதாக வங்காளதேசத்தவர் ஒருவர் இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தார். நீர் பாதுகாப்பானதா என்று சோதித்துச் சொல்லும் பொறுப்பு அந்நிறுவனத்துக்கு இல்லை என்று கூறி, 2006 ஆம் ஆண்டு அந்நாட்டுப் பிரபுக்கள் அவை அவ்வழக்கை ஏற்க மறுத்தது.

ஆர்சனிக் நீரில் கரைவது எவ்வாறு?

இமயமலைப் பாறைகள் சிதைந்து மணலாகவும் களியாகவும் ஆறுகளில் அடித்து வரப்படுகின்றன. அப்போது இரும்பு துருவாக மாறி மணல் துகள்களின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. ஆற்று நீரிலுள்ள மிகச் சிறிய அளவு ஆர்சனிக் இந்தத் துருப் பூச்சில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியிருக்கும் வரை அதனால் தீங்கு இல்லை.

ஆறு வண்டலைப் படிய வைக்கும்போது இலை, தழை, வேர் முதலிய கரிமப் பொருள்களும் உடன் புதைகின்றன. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இவற்றை உணவாக்கிக் கொண்டு சுவாசிக்கும்போது அங்குள்ள ஆக்சிசன் தீர்ந்துவிடுகிறது. ஆக்சிசன் இல்லாத நிலையில் சில வகை நுண்ணுயிர்கள் அதற்கு மாற்றாக இரும்புத் துருவைப் பயன்படுத்துகின்றன. அப்போது துரு ஒடுக்கமடைந்து நீரில் கரைகிறது. அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் விடுபட்டு நீரில் கலக்கிறது. 1998 ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகளுக்குப் பின் இவ்விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டது. நுண்ணுயிர்களின் பங்கினை 2004 ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சோதனை வாயிலாகக் காட்டியது.

பாசனத்திற்காக நீரை மிகுதியாக இறைத்ததால் நீர்மட்டம் தாழ்ந்து, உள்ளே புகுந்த காற்று பைரைட்டு என்னும் கனிமத்தைச் சிதைத்து ஆர்சனிக்கை வெளிப்படுத்தியது என்பது அதற்கு முன் சொல்லப்பட்ட விளக்கம். நீரில் ஆக்சிசன் இன்மையும், கரைந்த இரும்பு மிகுதியாக இருப்பதும் இவ்விளக்கத்தோடு பொருந்தவில்லை.

ஆழம் கூடக் கூட ஆர்சனிக் குறைவதன் காரணமும் நிலத்தின் வரலாற்றில் உள்ளது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் பழைய மணல் அடுக்குகள் வழியே நீர் விரைந்து ஓடி அவற்றை அலசியது. காற்று பட்டு அவை செம்பழுப்பு நிறம் அடைந்தன. கடல்மட்டம் மீண்டும் உயர்ந்தபோது அவற்றின் மேல் சாம்பல் நிற இளம் வண்டல் படிந்தது. ஆர்சனிக் மிகுந்த கிணறுகள் பெரும்பாலும் இந்தச் சாம்பல் நிற அடுக்கிலிருந்தே நீர் எடுக்கின்றன. கிணறு இறக்கும் தொழிலாளர்கள் குழாயில் வரும் மணலின் நிறத்தைக் கொண்டு நீரின் தன்மையை ஓரளவு கணிக்க முடியும் என்பதை மட்லாப் பகுதியில் நடந்த ஆய்வுகள் காட்டின.

வண்டல் ஒரே சீராகப் படிவதில்லை. ஆதலால் ஒரு வீட்டுக் கிணற்றில் ஆர்சனிக் மிகுந்திருக்க, சில பத்து மீட்டர் தள்ளியுள்ள அடுத்த வீட்டுக் கிணறு பாதுகாப்பாக இருக்கக் கூடும். ஓர் ஊரில் ஒரு கிணற்றைச் சோதித்து அவ்வூர் முழுவதற்கும் முடிவு சொல்ல இயலாது.

உடல்நலத்தில் விளைவுகள்

ஆர்சனிக் கலந்த நீரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து குடிப்பதால் ஏற்படும் நோய்நிலை ஆர்சனிக் நச்சேற்றம் எனப்படும். அறிகுறிகள் தோன்ற ஐந்து முதல் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகலாம். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போல் கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சொரசொரப்பாகி முடிச்சுகள் எழும். சிலருக்கு அவை வெடித்துப் புண்ணாகி, நடக்கவும் கருவிகளைப் பிடிக்கவும் முடியாமல் போகும்.

தோலில் தெரிவது பாதிப்பின் ஒரு பகுதியே. தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாகிறது. இதய, இரத்தக்குழாய் நோய்களும் கூடுகின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆர்சனிக்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் வைத்துள்ளது. வங்காளதேசத்தின் அராய்கசார் பகுதியில் 2000 ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 12,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அங்கு நிகழ்ந்த இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஆர்சனிக் கலந்த கிணற்று நீர் காரணம் என 2010 ஆம் ஆண்டு மதிப்பிட்டது. அதே பகுதிச் சிறுவர்களிடம் செய்த ஆய்வில், ஆர்சனிக் மிகுந்த நீரைக் குடித்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண்கள் குறைந்திருந்தன.

நாட்பட்ட ஆர்சனிக் நச்சேற்றத்திற்கு நிரூபிக்கப்பட்ட முறிமருந்து இல்லை. அந்நீரைக் குடிப்பதை நிறுத்துவதே முதல் மருத்துவம். தொடக்க நிலையிலுள்ள தோல் மாற்றங்கள் அதன்பின் ஓரளவு குறையலாம். நல்ல ஊட்டம் கிடைக்காதவர்களுக்குப் பாதிப்பு கடுமையாக உள்ளது.

இது தொற்றுநோய் அன்று. ஆயினும் தொழுநோய் எனத் தவறாகக் கருதப்பட்டு, நோயுற்றவர்கள் விலக்கி வைக்கப்பட்டனர். பெண்களுக்குத் திருமணம் தடைப்பட்டது. திருமணமானவர்கள் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் உண்டு. பள்ளிக்கு வரவேண்டாம் எனக் குழந்தைகள் தடுக்கப்பட்டனர். நோயை மறைக்க முற்பட்டவர்கள் நீரை மாற்றவும் காலம் தாழ்த்தினர்.

சோதனையும் சிவப்புச் சாயமும்

களத்தில் பயன்படும் சோதனைப் பெட்டியின் வேதியியல் எளிமையானது. நீர் மாதிரியில் அமிலமும் துத்தநாகத் தூளும் சேர்த்தால் ஐதரசன் உருவாகும். ஆர்சனிக் அதனுடன் சேர்ந்து ஆர்சீன் என்னும் வாயுவாக வெளியேறும். புட்டியின் வாயில் வைத்த மெர்குரிக் புரோமைடு தடவிய தாளில் அவ்வாயு படும்போது தாள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். அந்நிறத்தை அட்டையிலுள்ள நிறங்களுடன் ஒப்பிட்டு அளவு அறியப்படும்.

2000 முதல் 2003 வரை வங்காளதேசத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகள் இவ்வாறு சோதிக்கப்பட்டன. 50 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட கிணறுகளின் அடிகுழாய்க்குச் சிவப்புச் சாயமும் மற்றவற்றுக்குப் பச்சைச் சாயமும் பூசப்பட்டன. ஏறத்தாழ 14 இலட்சம் கிணறுகள் சிவப்பாயின. சிவப்புக் கிணற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும் கூடாது. தோலின் வழியே ஆர்சனிக் மிகக் குறைவாகவே உடலில் சேரும் என்பதால் குளிக்கவும் துணி துவைக்கவும் அந்நீரைப் பயன்படுத்தலாம்.

சிவப்புக் கிணறு உடைய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நூறு மீட்டர் தொலைவுக்குள் பாதுகாப்பான கிணறு ஒன்று இருந்தது என அராய்கசாரில் செய்த கணக்கெடுப்பு காட்டியது. ஆதலால் பக்கத்துக் கிணற்றுக்கு மாறிக்கொள்வதே செலவில்லாத வழியாயிற்று. பலர் அவ்வாறே மாறினர். ஆனால் நீர் எடுப்பது பெண்களின் வேலையாக இருந்ததால், கூடுதல் நடையும் பிறர் வீட்டு முற்றத்தில் காத்திருப்பதும் அவர்கள் மேலேயே விழுந்தன. சில ஆண்டுகளில் சாயம் உதிர்ந்தது. பழைய கிணறுகள் கைவிடப்பட்டு, சோதனை செய்யப்படாத புதிய கிணறுகள் இறக்கப்பட்டன.

மாற்று வழிகள்

ஆழ்குழாய்க்கிணறு: 150 மீட்டருக்குக் கீழுள்ள நீர் பெரும்பாலும் பாதுகாப்பானது. செலவு மிகுதி என்பதால் இது பொதுக் கிணறாகவே அமையும். எவர் வீட்டருகே அது அமைகிறது என்பதே இங்கு முதன்மையான கேள்வி. அரசு நிதியில் அமைந்த ஆழ்கிணறுகள் பல, தேவை மிகுந்த இடங்களை விட்டுச் செல்வாக்கு உள்ளவர்களின் வீடுகளுக்கு அருகில் அமைக்கப்பட்டதாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016 ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. ஆழ்நீரைப் பாசனத்திற்கும் இறைத்தால், மேலடுக்கிலுள்ள மாசு நீர் நாளடைவில் கீழிறங்கக் கூடும் எனவும் நிலவியலாளர்கள் எச்சரிக்கின்றனர்.

வடிகட்டிகள்: இரும்புத் துருவில் ஆர்சனிக் ஒட்டும் பண்பே வடிகட்டிகளுக்கும் அடிப்படை. வங்காளதேசத்தில் பிறந்த வேதியியலாளர் அபுல் உசாம் உருவாக்கிய சோனோ வடிகட்டியில் இரும்பு, மணல், கரி முதலியவை அடுக்கப்படுகின்றன. இது 2007 ஆம் ஆண்டு அமெரிக்க தேசியப் பொறியியல் கழகத்தின் கிரெயிஞ்சர் பரிசைப் பெற்றது. நிலத்தடி நீரில் மிகுதியாகக் காணப்படும் மூவிணைதிற ஆர்சனிக் மின்சுமை அற்றதாக இருப்பதால் எளிதில் ஒட்டுவதில்லை. அதனை முதலில் ஆக்சிசனேற்றம் செய்து ஐயிணைதிற நிலைக்கு மாற்ற வேண்டும். குடத்தில் இரவு முழுதும் நீரை வைத்திருந்தால் இரும்பு படியும்போது ஆர்சனிக்கும் ஓரளவு படியும். அதை மட்டும் நம்புவது பாதுகாப்பாகாது.

மேற்பரப்பு நீரும் மழைநீரும்: மேற்கு வங்காளத்தில் ஊக்ளி முதலிய ஆறுகளின் நீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியே வழங்கும் திட்டங்கள் செயல்படுகின்றன. குளத்து நீரை மணலில் வடித்தல், மழைநீர் சேமிப்பு ஆகியனவும் கையாளப்படுகின்றன. உறைகிணற்று நீரில் காற்று படுவதால் ஆர்சனிக் பொதுவாகக் குறைவு. ஆனால் கிருமிகள் கலக்கும் வாய்ப்பு மிகுதி.

இங்குதான் இடர்ப்பாடு எழுகிறது. குழாய்க்கிணற்றைக் கைவிட்டவர்கள் மீண்டும் குளத்து நீருக்குத் திரும்பினால், எந்த நோய்களைத் தவிர்க்கக் குழாய்க்கிணறு வந்ததோ அதே நோய்கள் திரும்பும். கைவிடுமாறு ஊக்குவிக்கப்பட்ட வீடுகளில் குழந்தை இறப்பு கூடியதாகப் பிற்கால ஆய்வு ஒன்று கண்டது. மாற்று நீரைக் காட்டாமல் இந்நீரைக் குடிக்காதீர்கள் என்று மட்டும் சொல்வது போதாது என்பதே இதன் பாடம்.

உணவில் ஆர்சனிக்

கோடைப் பருவத்தில் விளையும் போரோ நெல்லுக்கு ஆழமற்ற குழாய்க்கிணறுகளின் நீரே பாய்ச்சப்படுகிறது. இதனால் வயல் மண்ணிலும் நெல்லிலும் ஆர்சனிக் சேர்கிறது. நீர் தேங்கிய வயலில் ஆக்சிசன் குறைவதால், நெற்பயிர் மற்ற தானியப் பயிர்களைவிட மிகுதியாக ஆர்சனிக்கை உறிஞ்சுகிறது. அரிசியை நன்கு கழுவி, மிகுதியான நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிடும் பழைய முறையால் சோற்றில் ஆர்சனிக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சமைக்கும் நீர் பாதுகாப்பானதாக இருந்தால்தான் இப்பயன் கிட்டும். மாசடைந்த நீரில் சமைத்தால் சோற்றில் ஆர்சனிக் கூடிவிடும்.

பிற இடங்களில்

2002 ஆம் ஆண்டு பீகாரின் போஜ்பூர் மாவட்டத்திலுள்ள செம்ரியா ஓஜா பட்டி என்னும் ஊரில் இம்மாசு கண்டறியப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டத்திலும், அசாமிலும், நேபாளத்தின் தராய் சமவெளியிலும் இது வெளிப்பட்டது. வியட்நாமின் செவ்வாற்றுப் படுகை, கம்போடியாவின் மேக்கொங் படுகை ஆகியவற்றிலும் இதே வகை வண்டல், இதே சிக்கல். தாய்வானின் தென்மேற்குக் கரையில் ஆர்சனிக் கலந்த கிணற்று நீரால் கால்விரல்கள் கருகி அழுகும் கருங்கால் நோய் பரவியிருந்தது. சிலி நாட்டின் அன்டோபகாஸ்டா நகரம் 1958 ஆம் ஆண்டு புதிய ஆற்று நீருக்கு மாறியபோது குடிநீரில் ஆர்சனிக் பன்மடங்கு உயர்ந்தது. 1970 ஆம் ஆண்டு சுத்திகரிப்பு நிலையம் வந்த பின் அளவு குறைந்தது. எனினும் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் அதன்பின் பல பத்தாண்டுகள் வரை அங்கு மிகுதியாகவே காணப்பட்டன.

இன்றைய நிலை

வங்காளதேசத்தில் 50 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஆர்சனிக் நீரைக் குடிப்போர் ஏறத்தாழ 2 கோடிப் பேர் என 2016 ஆம் ஆண்டின் மேற்கூறிய அறிக்கை குறிப்பிட்டது. பழைய மதிப்பீடுகளைவிட இது குறைவு. எனினும் சிலியின் பட்டறிவு காட்டுவது போல், நீரை மாற்றிய பின்னும் நோய்கள் நெடுங்காலம் தொடரும். இன்று பிறக்கும் குழந்தை குடிக்கும் நீரின் விளைவு அது வளர்ந்து நடுத்தர வயதை அடையும்போதுதான் முழுமையாகத் தெரியவரும். ஒரு கிணற்றைச் சோதிக்கும் செலவு அக்கிணற்றை இறக்கும் செலவில் மிகச் சிறு பங்கே. ஆகவே புதிதாக இறக்கும் ஒவ்வொரு கிணற்றையும் பயன்பாட்டுக்கு முன் சோதிப்பதும், பழையவற்றைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் சோதிப்பதும், முடிவை அடிகுழாயின் மேலேயே தெரியுமாறு குறிப்பதும் இன்றியமையாதவை என இத்துறை ஆய்வாளர்கள் வலியுறுத்தி வருகின்றனர்.